யாழ்ப்பாணத்துச் சைக்கிளில் நானுஓயாவிலிருந்து டிக்கோயா வரை

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இரண்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். அறை எடுத்துத் தங்கியிருப்பது ஹற்றனில். பாடசாலை ஒன்றரைக்கு விடும், தோட்டத்திலிருந்து கடைசி பஸ் இரண்டு மணிக்கு. அதை விட்டால் ஹற்றனுக்கு ஏழு கிலோமீற்றர் நடை. இதனால் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு வைக்க முடியாமல் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் கொண்டுவருகிறேன் என்று ஏப்ரல் விடுமுறைக்கு முன்பு அதிபரிடம் சொன்னேன். அவர் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சிரித்துவிட்டார்.

“இந்த ரோட்டுல சைக்கிளா டீச்சர்? லீவு முடியிற ஞாயித்துக்கிழம ஸ்கூல துப்புரவாக்க சிரமதானம் வச்சிருக்கோம். ஒரு மணி வரைக்கும் எல்லாரும் இருப்போம். அதுக்குள்ள சைக்கிள்ல வந்து காட்டுங்க, வகுப்ப ஆரம்பிச்சிரலாம். இல்லாட்டி இந்தப் பேச்ச விட்ருவோம்.”

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் பத்து வயதிலிருந்து சைக்கிள் ஓடுகிறவள் நான். ரயிலில் வந்து ஹற்றனில் இறங்கி ஏழு கிலோமீற்றர் ஓடிக் காட்டினால் அது என்ன பெரிய காரியம்? நானுஓயாவில் இறங்கி முழுவதையும் ஓடுவது என்று முடிவெடுத்தேன். தலவாக்கலை, கொட்டகலை, ஹற்றன் வழியாகப் பாடசாலைக்குக் கிட்டத்தட்ட நாற்பத்தைந்து கிலோமீற்றர்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் சைக்கிள் கொண்டுவருவது பலர் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. ரயில் புறப்பட ஒரு மணித்தியாலம் முன்பாகப் பொதிகள் கவுண்டருக்குப் போனால் போதும். பெயரும் இறங்கும் நிலையமும் எழுதிய சீட்டைக் கட்டுவார்கள், சைக்கிள் சாமான்கள் ஏற்றும் கார்ட் பெட்டியில் ஏறும். கொழும்பு கோட்டையில் அதை எடுத்து, மறுநாள் பதுளை ரயிலுக்குத் திரும்பப் பதிந்தேன். காலை ஆறுக்குச் சற்று முன் வெளிக்கிட்ட ரயில் பகல் ஒன்றுக்கு நானுஓயா வந்தது. இறங்கியதும் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் கார்ட் பெட்டிக்கு ஓடுங்கள். இல்லையென்றால் உங்கள் சைக்கிள் இன்னும் மேலே இருக்கும் பட்டிப்பொல நிலையத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வரும்.

அன்று நானுஓயாவில் தங்கி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு மிதிக்கத் தொடங்கினேன். செயினுக்கு எண்ணெய் விட்டு, புது ரயர் போட்டு, மணி வரை துடைத்துக் கொண்டுவந்த சைக்கிள். முதல் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இரண்டு காலையும் நிலத்தில் தேய்த்து, கடைசியில் தேயிலைக் கரையில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினேன். சத்தியமாகப் பயந்து போனேன்.

விறகுக்கட்டோடு வந்த ஓர் அம்மா ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார்.

“என்னாம்மா, பிரேக்கு புடிக்கலையா?”

குனிந்து பார்த்தேன். பிரேக் கட்டைகள் தேய்ந்து, கல் மாதிரி இறுகிக் கிடந்தன. “எங்கட ஊரில இதுக்கு வேலையே இல்லை அம்மா.”

“அப்ப வண்டிய எப்புடித்தான் நிப்பாட்டுவீங்க?”

“மிதிக்காமல் விட்டால் நிண்டுடும்.”

அவர் விறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தட்டைத் தரையில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தப் பிழை வரும். லிந்துலையில் சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் விற்கும் கடை இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அங்கே வரை உருட்டிக்கொண்டு நடந்தேன். கடை திறக்கும்வரை காத்திருந்து நான்கு கட்டைகள் வாங்கி, கடை வாசலிலேயே நானே பூட்டினேன். அதற்குள் மணி ஒன்பதரை. மூன்றரை மணித்தியாலத்தில் இன்னும் முப்பத்தைந்து கிலோமீற்றர் இருந்தது.

தலவாக்கலை வரை புதுக் கட்டைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. அதற்குப் பிறகு ஏற்றம். கியர் இல்லாத சைக்கிளில் ஏற்றம் என்றால் பாதி மிதி, பாதி தள்ளு. ஓரிடத்தில் ஹற்றன் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கொண்டக்டர் பையன் மிதிபலகையில் தொங்கியபடி கேட்டான்.

“ஏறுங்கக்கா, சைக்கிள பின்னாடி போட்டுக்கலாம். அட்டன் வரைக்கும் இப்புடியேவா தள்ளுவீங்க?”

ஆசையாகத்தான் இருந்தது. கால் இரண்டும் ஏறு ஏறு என்று கெஞ்சின. “வேண்டாம் தம்பி, நீங்க போங்கோ” என்று சொன்னது வாய். அந்த வாய்தான் என்னை எப்போதும் மாட்டிவிடுவது. கொட்டகலை தாண்டும்போது அதே பஸ் ஹற்றனிலிருந்து திரும்பி எதிரே வந்தது. “விடாதீங்கக்கா!” என்று அவன் கத்த, ஜன்னல்களெல்லாம் கை ஆட்டின. அதற்குப் பிறகு ஹற்றன் வரை நான் இறங்கவே இல்லை.

தோட்டப் பாதையின் கடைசி வளைவில் மணியை அடித்துக்கொண்டே ஏறினேன். மணி பன்னிரண்டு ஐம்பது. மண்வெட்டியும் விளக்குமாறுமாகப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அதிபர் சைக்கிளைச் சுற்றி வந்தார், ரயரை அமத்திப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“உண்மையிலேயே நானுஓயாவுல இருந்தா டீச்சர்?”

“ஓம் சேர். இனி நீங்கள்தான் நேரம் சொல்ல வேண்டும்.”

அவர் சிரித்துக்கொண்டே பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “நாளையில இருந்து சாதாரண தரத்துக்கு நாலு மணி வரைக்கும் வகுப்பு.”

நான் இவ்வளவு சந்தோஷப்பட்டு நாளாகிறது.

இப்படி வர நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்தப் பக்கம் சைக்கிள் கடைகள் மிகக் குறைவு, பிரேக் கட்டையும் பஞ்சர் ஒட்டுச் சாமானும் கையோடு இருக்கட்டும். மதியத்துக்குப் பிறகு மழையும் பனிமூட்டமும் வரும், காலையிலேயே வெளிக்கிடுங்கள். களைத்தால் பஸ்ஸில் ஏற்றலாம், கூட்டமில்லாத நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதற்கு வெட்கப்படாதீர்கள், அதுவும் ஓட்டம்தான்.

அன்று அதிபர் வகுப்பை அறிவித்ததும் பிள்ளைகள் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள். அது அடங்கியதும் முன்னால் நின்ற ஒருத்தி, கணக்கில் கொஞ்சம் பின்தங்கியவள், மெல்லக் கை உயர்த்தினாள்.

“டீச்சர்… அப்ப இனிமே தெனமும் நாலு மணி வரைக்கும் கணக்கா?”

“தினமும்தான்” என்றேன்.