இரண்டு கால் சொறி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கைப்பேசியைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஜெல்லி மீன் வரையக் கற்றுக்கொண்டிருந்தாள். புதிதாக வரைகிறவர்களுக்கான வீடியோவாம். முதலில் குடை மாதிரி ஓர் அரை வட்டம், அப்புறம் அதற்குக் கீழே ஆடி ஆடி இறங்கும் கோடுகள் என்று ஒரு பெண் குரல் குழைந்துகொண்டிருந்தது. மகள் அரை வட்டம் போட்டாள், இரண்டு கோடு இறக்கினாள், பென்சிலை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். "மூணாவதையும் போட்டுட்டுப் போம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எனக்காக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு ஜெல்லி மீன் வரையச் சொல்லிக் கொடுத்தது எண்ணூர்ப் பக்கம் இருந்த ஓர் அனல்மின் நிலையம். அதுதான் முதல் வேலை. கடல் தண்ணீரை உள்ளே இழுக்கும் பம்ப் ஹவுஸில் ஒப்பந்த உதவியாளன். சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளின் துரு வாசனையில் வளர்ந்த எனக்கு அங்கே சாம்பல் வாசனை கிடைத்தது. வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் நரைத்துவிடும். அம்மா அதைத் துவைக்கும்போது என்னையும் சேர்த்துத் துவைப்பாள்.

கடல் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக வரும். குப்பை உள்ளே போகாமலிருக்க, பம்புக்கு முன்னால் ஆள் உயரத்துக்கும் மேலே இரும்புக் கம்பித் தடுப்பு. ஜெல்லி மீன் கூட்டமாக வந்து அதில் அப்பிக்கொண்டால் பம்ப் திணறிப்போகும். மீன்பிடிக்கிறவர்கள் அதைச் சொறி என்பார்கள். பட்டால் அப்படி அரிக்கும். முதல் நாளே நான் பெரிய விவரக்காரன் மாதிரி, "இன்னிக்குச் சொறி வந்துச்சா?" என்று எல்லார் நடுவிலும் கேட்டுவைத்தேன். பேச்சு நின்றுபோனது. கம்பித் தடுப்பைச் சுத்தம் செய்யும் அந்தோணி அண்ணன், ராயபுரத்துக்காரர், என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"வாயால சொல்லாத நைனா. பேர் சொன்னா வந்துரும்."

அதனால் வரைவார்கள். சுவரில் ஒரு கட்டம் கறுப்படித்திருக்கும். ஷிப்ட் முடித்துப் போகிறவர் அதில் சாக்பீஸால் ஓர் அரை வட்டம் போட்டு, கீழே கால் இழுத்துவிட்டுப் போவார். ஒரு கால் என்றால் ஒன்றிரண்டு மிதக்கிறது என்று அர்த்தம். மூன்று என்றால் தடுப்பில் அப்பியதை வாரும் எந்திரத்தை ஓட்ட வேண்டும். ஐந்து என்றால் பம்பையே நிறுத்த வேண்டும். இரண்டு, நான்கு எல்லாம் கிடையாது. மொய் எழுதுகிற மாதிரி ஒற்றைப்படைதான்.

நான் பள்ளிக்கூடத்திலேயே டிராயிங் லோயர் கிரேடு தேறியவன். அந்த மிதப்பில் ஒரே ஒரு சொறிக்கு நிழலெல்லாம் கொடுத்து, விளிம்பில் சுருக்கம் வைத்து, கால்களை இஷ்டத்துக்கு இழைய விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த ஷிப்ட் அலறியடித்துப் பம்பை நிறுத்திவிட்டது. இன்ஜினியர் திட்டியதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து எனக்கு டிராயிங் மாஸ்டர் என்று பெயர்.

அந்தக் கோடையில் அந்தோணி அண்ணனின் தம்பி சேவியர் போன ஃபைபர் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள், சேவியர் மட்டும் வரவில்லை. சில நாள் போனதும், மகன் பிழைத்து வருவான் என்ற நம்பிக்கை அவர்கள் அம்மாவுக்கு விட்டுப்போயிற்று. முகத்தைப் பார்த்து மண் போட ஓர் உடம்பு கிடைத்தால் போதும் என்று மாதாவிடம் கேட்டு அழுதுகொண்டிருந்தார். வீட்டில் அதைக் கேட்கச் சகிக்காமல்தான் அண்ணன் வேலைக்கு வந்தார்.

ஒரு காலை நாங்கள் உள்ளே நுழைந்தபோது சுவரில் அரை வட்டமும் இரண்டு காலும் இருந்தன. நெளியாத, நேரான கால்கள். கால்வாயில் அலையே இல்லை. தண்ணீர் தெரியாதபடி சொறிகள் வெள்ளை வெள்ளையாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன, தூங்குகிறவர் மூச்சு விடுகிற மாதிரி. மூன்றாவது காலைப் போட எவனோ மறந்திருக்கிறான், வாரும் எந்திரத்தை ஓட்டு என்றார் இன்ஜினியர். அந்த எந்திரத்துக்கு இரும்புப் பற்கள். அண்ணன் சுவரை விட்டு நகரவில்லை.

"சொறிக்கு ஏது சார் ரெண்டு காலு? மன்சனுக்குத்தான் ரெண்டு."

எந்திரத்தை ஓட்டவில்லை, பம்பையும் நிறுத்தினார்கள். நான் அங்கே சேர்ந்ததிலிருந்து ஓயாமல் கேட்ட இரைச்சல் அடங்கியதும் என் காது என்னவோ போலாகிவிட்டது. அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கம்பியோரமாக இறங்கினார். வெறுங்கையால் சொறிகளை விலக்கினார். கையெல்லாம் தடித்துச் சிவந்தது. நான் மேலேயிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கீழேயிருந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி, "வந்துட்டேன்டா" என்று அவர் மெதுவாகச் சொன்னது கேட்டது.

சேவியர்தான். சொறிகள் சுற்றிலும் அப்பிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, நண்டும் மீனும் நெருங்கவில்லை. முகம் அப்படியே இருந்தது. அம்மா பார்த்தார், மண் போட்டார்.

யார் வரைந்தது என்று எல்லாரையும் கேட்டார்கள். முந்தின ஷிப்ட் ஆட்கள் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். போலீசுக்குப் பயந்து எவனோ மறைக்கிறான் என்று முதலில் நினைத்தேன். போகப் போக, அது அந்தோணி அண்ணனே போட்டதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். முன்னாலேயே வந்து பார்த்திருப்பார், வாய் வந்திருக்காது. அவரிடம் அதைக் கேட்க மனசு வரவில்லை. பிறகு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

போன வருடம் ராயபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தம்பிக்கு ஒரு மெழுகுவத்தி, அன்றைக்குச் சுவரில் அந்த இரண்டு காலை வரைந்த எனக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறாராம். உயிரோடு இருக்கிறவனுக்குக் கல்லறையில் வத்தியா என்று சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னது உறைத்துவிட்டது.

"நான் வரையலண்ணே. நீங்கன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுகினு இருந்தேன்."

அவர் கை மெல்ல நழுவியது. பந்திக்குக் கூப்பிட்டார்கள், இருவரும் போகவில்லை. அந்தச் சுவரை ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். மறுநாள் திருவொற்றியூர் தேரடியில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். நிலையத்தை மூடி இடித்துவிட்டிருந்தார்கள். புகைபோக்கி இல்லை, பம்ப் ஹவுஸ் இல்லை. கால்வாய் தூர்ந்து முள்செடி மண்டியிருந்தது. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் எங்கே என்று தெரியாது. அண்ணன் செங்கல் குவியலைச் செருப்புக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவர், நின்றுவிட்டார்.

"அப்ப அந்த ரெண்டாவது மெழுவத்தி இத்தினி வருசமா யாருக்கு எரிஞ்சுகினு இருந்துச்சு?"

என்னைக் கேட்டாரா, இல்லை, முன்னால் சுவர் இருந்த இடத்தைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அங்கே இப்போது சுவரும் இல்லை.