மணல் அடைத்த பொம்மை

குறைமாதத்தில் பிறந்து பிழைத்தது முதல் வெற்றி. பத்து வயது வரை திக்கிய வாயைத் தானே பழக்கித் திருத்திக்கொண்டது அடுத்தது. தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து, ஆண்கள் மட்டுமே இருந்த எழுத்தாளர் அறையில் ஒரு நாற்காலியைப் பிடித்தது அதைவிடப் பெரிது. பிள்ளை பெறப் போனவள் இனி எங்கே வரப்போகிறாள் என்று அந்த அறையே பேசியபோது, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாளே, அதையும் சேர்க்க வேண்டும். வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு.

அவளுடைய அக்கா அதே தொலைக்காட்சி நிலையத்தில் நடிகர்களுக்கு உடை தைப்பவள். எதையும் இரண்டு முறை அளக்காமல் கத்தரியைத் தொடமாட்டாள்.

அந்த வார நகைச்சுவைத் தொடரில், பார்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு புதுத் தாயின் கதை. எழுதியவள் பொடிசு. ஆனால் கையெழுத்துப் போடுவது தலைமை எழுத்தாளர்; கையெழுத்து இல்லாத பக்கம் படப்பிடிப்புத் தளத்துக்குள் போகாது. காட்சிக்கு ஒரு குழந்தை பொம்மை கேட்டார்கள். அக்கா சும்மா செய்வாளா? தங்கை மகளை எடை போட்டு, அதே கனத்துக்குப் பொம்மைக்குள் மணல் அடைத்தாள்.

"கனம் இல்லன்னா தூக்கற கையிலயே பொய் தெரிஞ்சிடும்" என்றாள்.

பொம்மைக்கு ஒரு மஞ்சள் சட்டை தைத்தாள். மிச்சத் துணி வீணாவானேன் என்று குழந்தைக்கும் அதேபோல் ஒன்று தைத்துப் போட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

படப்பிடிப்பு நாளன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காய்ச்சல். பொடிசின் கணவர் ரயிலில் கார்டு, வெளியூர் போயிருந்தார். வேறு வழியில்லாமல் குழந்தை அக்காவின் உடை அறைக்கு வந்து, துணிக்கூடையில் தூங்கியது. தளத்தில் நிலைமை அதைவிட மோசம். முதலாளி கத்தும் காட்சியை ஒத்திகை பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருத்தர் பல்லும் தெரியவில்லை.

"என்னம்மா, எழவு வீடு மாதிரி இருக்கு?" என்றார் டைரக்டர். "சாப்பாட்டு நேரத்துக்குள்ள வேற எழுதிக் குடு. இல்லன்னா பழைய எபிசோடப் போட்டுக்கறேன். நீயும் நிம்மதியா வீட்ல உக்காந்து புள்ளையப் பாரு."

பொடிசு உடை அறைக்கு ஓடிவந்தாள். அக்கா அப்போது திரைச்சீலைக்குப் பின்னால் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். தங்கை நடக்கும் சத்தமும், காகிதம் சரசரப்பதும், நடுநடுவே 'ஓ ஓ ஓ' என்று தாலாட்டும் கேட்டன. பாவம், தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறாள் என்று அக்கா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் டைரக்டர் நான்கைந்து பேரோடு தடதடவென்று உள்ளே வந்தார்.

"என்னம்மா, எழுதி..."

"ஷ்ஷ்! மெதுவா சார். இப்பதான் கண்ணசந்தா."

டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் நுனிக்காலில் நின்றார்கள். என்ன இது என்று அக்கா குழந்தையைத் தோளில் போட்டபடி வெளியே வந்தாள்.

பொடிசு காகிதத்தில் கண் வைத்தபடி, கூடைப் பக்கம் கிடந்த மஞ்சள் சட்டைப் பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

டைரக்டர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். அறையே குலுங்கியது. பொடிசின் முகம் மட்டும் வாடிப்போனது.

"என் புள்ளையவே எனக்குத் தெரியலையேக்கா. நானெல்லாம் என்ன அம்மா?"

"அசடு! கனம் சரியா இருந்துச்சுல்ல? உன் கை அவளைத்தான் தூக்குச்சு. தப்பு என் மணலோடது."

பொடிசு மூக்கை உறிஞ்சினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சிரிச்சது போதும் சார். தள்ளுங்க, எழுதணும்."

புதிய காட்சியில், முதலாளி கத்தக் கத்த, அந்தத் தாய் ஒரு பார்சலைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே 'ஷ்ஷ்' என்றாள். முதலாளி தன்னையறியாமல் கிசுகிசுப்பாகத் திட்ட ஆரம்பித்தார். ஒத்திகையில் கேமராக்காரருக்கே தோள் குலுங்கியது.

தலைமை எழுத்தாளர் பக்கத்தை வாங்கிப் படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், அவளிடமே நீட்டினார்.

"இதுல நான் போட்டா திருட்டும்மா. நீயே போடு."

எழுதக் கை வேண்டுமே என்று பொடிசின் தோளிலிருந்த குழந்தையை அக்கா வாங்கிக்கொண்டாள். பொம்மையில்லை என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தும் கொண்டாள். பொடிசு குனிந்து, பக்கத்தின் அடியில் தன் பெயரை எழுதினாள். கீழே தேதியும் போட்டாள்: 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.