மேல்மலை பஸ் கிளம்புவதற்குள்

ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவள் லீமாரோஸ்தான். கொடைக்கானலிலிருந்து செண்பகனூருக்கு இறங்குகிற வழியில் மிஷன் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரி அது. அங்கே அவள் ஆபீஸ் சூப்பிரண்ட். 1984ஆம் வருஷம் ஒரு காலையில், ரவுண்ட்ஸ் முடித்து வந்த தலைமை டாக்டர் சேனாதிபதியை வராந்தாவிலேயே மறித்துச் சொன்னாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இங்க கரண்ட்டே ஒழுங்கா நிக்கிறதில்ல. கம்ப்யூட்டரா?"

"கரண்ட் இருக்கிற நேரத்துக்கு ஓடட்டும் டாக்டர். கார்டு ரூமை ஒரு தடவ வந்து பாருங்க, அப்பறம் சிரிங்க."

அவர் போய்ப் பார்த்தார். தரையிலிருந்து கூரைவரை மரப் பலகைகளில் நோயாளிகளின் கார்டுகள். மழைக்காலம் முழுக்க ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துபோகும் ஊர். அட்டைகள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, பூஞ்சை பிடித்துக் கிடந்தன.

அந்தக் கார்டு ரூமும் லீமாரோஸ் உண்டாக்கியதுதான். அவளுடைய அப்பா ஒரு போர்டிங் ஸ்கூலில் சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். அங்கே பிள்ளைகளின் சட்டை, போர்வை எல்லாவற்றிலும் எண் தைத்திருக்கும். பெயரைப் பார்த்துத் துணி கொடுத்தால் சண்டை வரும், எண்ணைப் பார்த்துக் கொடுத்தால் வராது என்பது அவள் வீட்டில் சோறு போலச் சாதாரணமான பேச்சு. 1971இல் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியில் சீட்டுகளை அகர வரிசைப்படி கட்டி வைத்திருந்தார்கள். கொடைக்கானலைத் தாண்டி இருக்கிற மேல்மலைக் கிராமங்களில் பாதிப் பேர் பழனிமுத்து, மீதிப் பேர் திருமலைச்சாமி. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் வாங்கிப் போனதும் உண்டு. லீமாரோஸ் ஒரு கோடை முழுவதும் உட்கார்ந்து அத்தனையையும் ஊர்வாரியாகப் பிரித்தாள். பூம்பாறைக்கு ஒரு பலகை, மன்னவனூருக்கு ஒரு பலகை, அதற்குள் வீட்டுக்கு ஓர் எண். பெண்கள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் கார்டும் அந்த ஊர்ப் பலகைக்கு மாறிவிடும். அந்த வேலைக்காகத்தான் அவளைச் சூப்பிரண்ட் ஆக்கினார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கூட்டம் பெருகி, அறை நிறைந்து, கார்டு தேடுவதற்கே ஆள் போதவில்லை. அப்போதுதான் மதுரையில் ஒரு மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டாள். லீவு போட்டுவிட்டுப் போய், யாரையோ பிடித்து உள்ளே நுழைந்து, ஒரு நாள் பூராவும் அதன் எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு டாக்டருக்கு நிம்மதி இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவரை விடாமல் நச்சரித்து, வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றுக்கு எழுத வைத்தாள். அவர்கள் சரி என்றார்கள்.

1986இல் கம்ப்யூட்டர் வந்தது. மதுரையிலிருந்து ஜீப்பில், கொண்டை ஊசி வளைவுகளில் அடிபடாமலிருக்க இலவம்பஞ்சு மெத்தைக்குள் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருகிற மாதிரி அழைத்து வந்தார்கள். கூடவே ப்ரோக்ராம் எழுதிக்கொடுத்த அருளப்பனும் வந்தான். மதுரைக்காரன், இருபத்தைந்து வயசு இருக்கும், கெட்டிக்காரன். பங்குச்சாமியார் மந்திரிக்க வந்து தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியபோது அவன் குறுக்கே பாய்ந்து, "சாமி, மிஷின் மேல தண்ணி மட்டும் வேணாங்க" என்று கையை விரித்தான். சாமியார் கதவு நிலையில் தெளித்துவிட்டுப் போனார்.

பதிவு மேசையிலேயே அதை வைத்தார்கள். அந்த அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. வேலை முடிந்ததும் வெல்வெட் துணியால் போர்த்திவிட வேண்டும். பதிவு எழுதுகிற உபகாரம் என்ற பெண் ஆறு மாதம் பழகி, ஒற்றை விரலிலிருந்து இரண்டு விரலுக்கு முன்னேறினாள். பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். மாதக் கடைசியில் பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டே புள்ளிவிவரம் அடித்துத் தள்ளும். ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் லீமாரோஸுக்கு உள்ளுக்குள் பூரிப்பாக இருக்கும். தான் கேட்டு வந்தது, தன் ஆஸ்பத்திரிக்கு வந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் வெள்ளனே வேலைக்கு வந்தவள், வராந்தாவில் ஏழெட்டுப் பேர் சாக்கைப் போர்த்திக்கொண்டு குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வார்டுக்காரர்கள் யாரோ கரி அடுப்பு வைத்துக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் மன்னவனூர் காளியாயியை அவளுக்குத் தெரியும். பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். நெஞ்சுச் சளிக்கு மாதாமாதம் வருகிறவள்.

"என்ன காளியாயி, இம்புட்டு வெள்ளனே வந்துட்டீங்க?"

"வரலங்கம்மா. நேத்து வந்ததுதான். பஸ்ஸு போயிருச்சு."

மேல்மலைக்குத் திரும்புகிற பஸ் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் மறுநாள்தான்.

"பஸ் போற வரைக்கும் என்ன செஞ்சீங்க? வெரசா வரலயா?"

"காலம்பற மொத ஆளா வந்து நின்னோம். அந்தப் பொண்ணு பேரக் கேட்டுச்சு, சொன்னேன். அப்பறம் அந்தப் பேருக்கு எழுத்து கேட்டுச்சு. எழுத்துக்கு நான் எங்கிட்டுப் போக?"

குறையாகக்கூடச் சொல்லவில்லை அவள். இப்படித்தான் இனிமேல் என்று ஏற்றுக்கொண்ட குரல். லீமாரோஸுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

அன்றைக்கு அவள் தன் அறைக்குப் போகவில்லை. நோயாளிகள் உட்காரும் பெஞ்சிலேயே ஓரமாக உட்கார்ந்து பதிவு மேசையைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் பார்த்தாள். மிஷின் வேகமாகத்தான் வேலை செய்தது. தாமதம் மிஷினுக்கு முன்னால் நடந்தது. உபகாரம் பெயரை இங்கிலீஷில் அடிக்க வேண்டும். ஒரு தடவை ஒற்றை 'ஏ' எழுத்தோடு அடித்த காளியாயியை அடுத்த தடவை இரட்டை 'ஏ' எழுத்தோடு அடித்தால், அப்படி ஒருத்தியே இல்லை என்று மிஷின் சாதிக்கும். நாலு விதமாக அடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் புது ஆளாகப் பதிந்துவிடுவாள். பழைய விவரம் இல்லாததால் டாக்டர் முதலிலிருந்து எல்லாம் கேட்பார், எக்ஸ்ரேவும் மறுபடி எழுதுவார். நடுவில் கரண்ட் போனால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளே மட்டும் மூன்று காளியாயிகள் இருந்தார்கள். மூன்று பேரும் மாத ரிப்போர்ட்டில் தனித்தனி நோயாளிகளாக எண்ணப்பட்டு, ஆஸ்பத்திரி வளர்ந்திருப்பதாகக் காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உதவி நிறுவனத்திலிருந்து விசாரணைப் படிவம் வந்தது. ஒரு வருஷ உபயோகம் எப்படி, எத்தனை பதிவுகள் ஏற்றினீர்கள், எத்தனை ரிப்போர்ட் எடுத்தீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தீர்கள். நல்ல பதில் வந்தால் மருந்து ஸ்டோருக்கு இரண்டாவது மிஷின் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். கேட்ட எதற்கும் கூச்சப்படாமல் பதில் எழுதலாம். எல்லாமே கேட்டதற்கு மேலாகவே நடந்திருந்தது.

லீமாரோஸ் எல்லாவற்றுக்கும் உள்ளபடி பதில் எழுதினாள். கூடவே தனியாக ஒரு பக்கம் டைப் அடித்தாள். மிஷின் வந்த பிறகு மேல்மலை நோயாளிகள் பஸ்ஸைத் தவறவிடுவது அதிகமாகியிருக்கிறது, ஒரே ஆள் பல பேராகப் பதிவாகிறார், ஆகையால் எங்கள் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், பதிவு மேசையில் இதுவரை இதனால் நோயாளிக்கு நன்மை இல்லை என்று எழுதினாள்.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத அனுப்பினா ரெண்டாவது மிஷின் வராது லீமா."

"வராதுதான் டாக்டர்."

"அவங்க பஸ்ஸைப் பத்திக் கேக்கவே இல்லையே."

"கேக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நமக்குத்தான தெரியும்."

"மிஷின் வேணும்னு என்கிட்ட ஒரு வருஷம் சண்ட போட்டது நீங்க. இப்ப நீங்களே இப்படி எழுதினா, உங்களப் பத்தி என்ன நினைப்பாங்க?"

லீமாரோஸுக்கு அந்தக் கேள்வி முன்பே மனசில் ஓடியிருந்தது. அவள் முகம் சிவந்திருந்தது. "நான் கேட்டு வாங்குனதுங்கிறதாலதான் டாக்டர் நான் பாக்கணும். வேற யாரு பாப்பாங்க?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அந்தத் தனிப் பக்கத்திலும் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

மறு வாரமே மிஷினைப் பதிவு மேசையிலிருந்து எடுத்து உள் அறையில் வைத்தாள். பழைய கார்டுகளை வெயிலில் காயவைத்து மறுபடி பலகையில் ஏற்றினாள். 'லீமாரோஸ் மிஷின் படுத்துக்கிருச்சு' என்று வார்டில் சிரித்தார்கள். உபகாரத்துக்கு மட்டும் உள்ளூர சந்தோஷம். லீமாரோஸ் மதுரைக்கு எழுதி அருளப்பனை வரவழைத்தாள்.

வந்தவன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தான். "ப்ரோக்ராம்ல தப்பே இல்லங்க மேடம். சொன்னபடிதான் ஓடுது."

"தப்பு இருக்குன்னு நான் சொல்லலயே தம்பி. நாளைக்கு என்கூட மன்னவனூருக்கு வாங்க."

"அங்க எனக்கு என்னங்க சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. சும்மா வாங்க."

மேல்மலை பஸ் வளைவுகளில் அருளப்பன் இரண்டு தடவை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். மன்னவனூரில் இறங்கியபோது முகம் வெளிறியிருந்தது. கடைத்தெருவில் உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லீமாரோஸ் அவனிடம், "இங்க பழனிமுத்துன்னு ஒரு நோயாளி இருக்காரு. கூப்பிடுங்க பாப்போம்" என்றாள். அவன் கூச்சத்தோடு ஒரு குரல் கொடுத்தான். மூட்டை சுமந்தவர்களில் இரண்டு பேரும், டீக்கடையிலிருந்து ஒருவரும், எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒருவரும் திரும்பினார்கள். "எந்தப் பழனிமுத்துய்யா? மேலவீட்டுப் பழனிமுத்தா, தண்ணித்தொட்டிப் பழனிமுத்தா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

அருளப்பன் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அவமானப்பட்ட சிரிப்பு இல்லை, கணக்குக்கு விடை கிடைத்த பையனின் சிரிப்பு. "எங்க ஆபீஸ்ல பேரு, இனிஷியல், வயசு இம்புட்டுத்தாங்க கேட்டாங்க. ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்கன்னு நாங்க கேக்கவே இல்லயே" என்றான். காளியாயி வீட்டில் கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டும், ராத்திரி அங்கேயே தங்கி மறுநாள் காலையில் பஸ் வரும்வரையும், ஒவ்வொரு வீட்டையும் ஊரில் எப்படி அடையாளம் சொல்கிறார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

புது ப்ரோக்ராம் எழுத இரண்டு மாதம் ஆனது. கார்டு ரூமில் இருந்த அதே வரிசை: முதலில் ஊர் எண், பிறகு வீட்டு எண், பிறகு ஆள். எழுத்துக் கேட்க வேண்டியதில்லை. ஊரைச் சொன்னால் அந்த ஊர் வீடுகள் வரிசையாகத் திரையில் வரும், வீட்டைச் சொன்னால் ஆட்கள் வருவார்கள். மூன்று காளியாயிகளும் ஒருத்தியானார்கள். அதோடு லீமாரோஸ் ஒன்று கேட்டாள். நாளைக்கு வரவேண்டியவர்கள் யார் யார் என்று ஊர்வாரியாக முந்தின நாள் சாயங்காலமே அச்சடித்துத் தர முடியுமா? முடியும் என்றான்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, உபகாரம் மறுநாள் வருகிறவர்களின் கார்டுகளை அன்று சாயங்காலமே எடுத்து அடுக்கிவிடுவாள். காலையில் கரண்ட் போனாலும் கவலையில்லை, காகிதம் கையில் இருக்கிறது. மேல்மலைக்காரர்கள் வந்தவுடன் கார்டோடு நேரே டாக்டரிடம் போனார்கள். யார் வரவில்லை என்பதும் தெரிந்தது. மருந்தை நடுவில் விட்டவர்களைத் தேடி நர்ஸ் ஊருக்கே போக ஆரம்பித்தாள்.

ஆனாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று லீமாரோஸ் சொல்லவில்லை. பெஞ்சில் போய் உட்காருகிற வழக்கத்தை அவள் விடவேயில்லை. எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது. சால்வையைப் போர்த்திக்கொண்டு நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். புது டாக்டர்கள் அவளை நோயாளி என்றே நினைத்து "உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டதும் உண்டு.

இரண்டாவது மிஷின் வரவில்லை. அது வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் அடுத்த வருஷம் அந்த நிறுவனத்திலிருந்து வேறொரு தபால் வந்தது. தாங்கள் கொடுத்த மிஷின்கள் எல்லாமே நன்றாக ஓடுவதாகத்தான் எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்திருக்கிறது, நீங்கள் ஒருவர்தான் நன்மை இல்லை என்று எழுதினீர்கள், மற்ற இடங்களையும் நீங்கள் போய்ப் பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் அதை வார்டு வார்டாகக் கொண்டுபோய் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

அப்படித்தான் 1988இலிருந்து அவள் பல ஊர்களுக்குப் போக ஆரம்பித்தாள். எங்கே போனாலும் கம்ப்யூட்டர் அறையைக் கடைசியாகத்தான் பார்ப்பாள். முதலில் வாசலில் நிற்கிறவர்களிடம் பேசுவாள், பிறகு அங்கே எழுதுகிறவர்களிடம். ஒரு இடத்தில் மிஷினை உறையிலிருந்தே எடுக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள். இன்னொரு இடத்தில் ஒரு மிஷினை வைத்துக்கொண்டு இரண்டு மிஷின் வேலை செய்கிறார்கள், இவர்களுக்கு உடனே இன்னொன்று கொடுங்கள் என்று சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தாள்.

அவளைப் பற்றிய பேச்சு கீழ்மலையில் ஆடலூர் வரைக்கும் போனது. அங்கே காப்பியும் மிளகும் போடுகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவி பொன்னுத்தாய் அவளை அழைத்து, "கம்ப்யூட்டர் விக்கிற கம்பெனிக்காரன் தெனமும் வந்து நிக்கிறான். வாங்கலாமா அக்கா?" என்று கேட்டாள்.

லீமாரோஸ் இரண்டு நாள் தங்கி, சங்கத்துக் களத்திலும் எடை போடுகிற இடத்திலும் நின்று பார்த்தாள். "இப்ப வேணாம் பொன்னுத்தாய். உங்க சிக்கல் எடை போடுற எடத்துல இருக்கு. நல்ல தராசு ஒண்ணு வாங்குங்க. சங்கம் இன்னும் பெருகினதும் மிஷினைப் பத்திப் பேசலாம்."

விற்பனைக்காரன் அவளை முறைத்தான். சங்கத்தில் சிலருக்கும் முகம் சுருங்கியது. பக்கத்து ஊர்ச் சங்கத்தில் வாங்கிவிட்டார்களே என்ற குறை அவர்களுக்கு. ஆனால் பொன்னுத்தாய் தராசுதான் வாங்கினாள். எடைச் சண்டை ஓய்ந்த சந்தோஷத்தில் மலைவாழைத் தார் ஒன்றைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாள்.

யோசனை சொன்ன இடத்தில் எதையும் வாங்குவதில்லை என்பது லீமாரோஸின் வழக்கம். தார் வந்தது தெரிந்ததும், திருப்பி அனுப்பச் சொல்லித் தன் அறையிலிருந்து ஆள் அனுப்பினாள். அதற்குள் உபகாரமும் வார்டு ஆட்களும் இரண்டு சீப்பைத் தீர்த்திருந்தார்கள்.