நாலரை மணி வாழ்த்து

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் சிவகாசிக்கு வந்து, காலண்டர் அச்சகத்து மாடியில் இருக்கும் மத்தாப்பு டிவி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். யாரானாலும் வழி காட்டுவார்கள். ஆனால் அதை நடத்தும் சாதிக் பாட்சாவிடம் மட்டும் இந்தச் சங்கதியைக் கேட்காதீர்கள். மனிதர் பேச்சை மாற்றிவிடுவார். பயத்தால் இல்லை, வெட்கத்தால்.

ஒரு டிஷ்ஷும் இரண்டு வி.சி.ஆரும் வைத்துக்கொண்டு அவர் அண்ணன் தொடங்கிய ஸ்டேஷன் அது. ஞாயிற்றுக்கிழமை படம், பங்குனிப் பொங்கலுக்கு நேரலை, நோன்பு மாதத்தில் விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்து மார்க்கச் சொற்பொழிவு என்று ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்தது. கடைசியில் சாதிக் பாட்சாவுக்கு மிஞ்சியது தீபாவளிக்கு முன்னால் வரும் பட்டாசுக் கம்பெனி விளம்பரமும், பிறந்தநாள் வாழ்த்தும், கண்ணீர் அஞ்சலியும்தான்.

வாழ்த்துக்கும் அஞ்சலிக்கும் அங்கே ஒரே படம்தான். வெடி வேலைக்குப் போகும் வீடுகளில் பார்க்கும்படியான போட்டோ என்று ஒன்று இருந்தால், அது வாழ்த்துப் போடுவதற்காக ஸ்டூடியோவில் எடுத்ததாகத்தான் இருக்கும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் போன் வரும். "போன வருசம் கலியாண நாளுக்குப் போட்டீகளே பாய், அந்தப் படத்தையே போட்டு விட்ருங்க" என்பார்கள். ரோஜாப் பூவும் பலூனும் உள்ள சட்டத்தை எடுத்துவிட்டு, கறுப்புச் சட்டமும் குத்துவிளக்கும் வைத்தால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிட வேலையில்தான் சாதிக் பாட்சா கோட்டைவிட்டார்.

போன வருடம் ஆவணி மாதம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து இருளம்மாள் என்று ஒரு பெண் ஸ்டேஷனுக்கு வந்தாள். பட்டாசு ஆலையில் வேலை. எவ்வளவு கழுவியும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்ணில் வெள்ளியாக ஒட்டியிருந்தது. ஒரு போட்டோவைக் கொடுத்தாள். நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க, பின்னால் மகள் அழகுமீனா அம்மாவின் தோளில் கைபோட்டு நின்றிருந்தாள்.

"நாளைக்கு எம்மகளுக்குப் பொறந்தநாளு பாய். நாலரைக்குப் போடுங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்து பாப்பா. நான் வேலைக்குப் போயிருவேன். அங்கன டிவி இல்லை."

"போட்டுருவோம் தாயி. கவலைப்படாம போங்க" என்றார் சாதிக் பாட்சா.

மறுநாள் மதியம் அந்த ஆலை வெடித்தது.

கேமராவைத் தூக்கிக்கொண்டு செந்தூர்பாண்டி ஓடினான். எடிட்டிங் வேலையும் அவன்தான் பார்ப்பவன். கம்ப்யூட்டர் முன்னால் சாதிக் பாட்சா உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தெரிந்த ஆள் ஒருவர் போன் போட்டுப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். "இருளம்மாளும் போயிட்டா பாய்." சென்னை டிவிக்காரர்களின் வண்டி சாத்தூர் தாண்டிவிட்டது என்று இன்னொரு போன். இந்த ஒரு நாளாவது நாம் முந்த வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயர் போடுவதில்லை என்பது அண்ணன் காலத்து வழக்கம். அன்றைக்கு அதைக் காற்றில் விட்டார். வாழ்த்துக்கு வந்த படத்தை எடுத்தார். மகளை வெட்டினார். 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்தார். சரியாக நாலரைக்கு ஓடவிட்டார். ஆலையின் பெயரை மட்டும் போடவில்லை. அவர்கள் விளம்பரம் கொடுப்பவர்கள்.

சாயங்காலம் மனைவி பல்கீஸ் வீட்டிலிருந்து பேசினாள். "ஏங்க, பொறந்தநாள்னு நேத்துச் சொன்னீகளே, அந்தப் புள்ளை இந்நேரம் டிவி முன்னாடிதானே உக்காந்திருக்கும்? என்னத்தப் போட்டு வச்சிருக்கீக, பாத்தீகளா?"

அப்போதுதான் திரையை நிமிர்ந்து பார்த்தார். சட்டத்தை மாற்ற மறந்திருந்தார். ரோஜாப் பூவுக்கும் பலூனுக்கும் நடுவில் இருளம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். தோளில், வெட்டியதில் மிஞ்சிய நாலு சின்ன விரல்கள். கீழே கண்ணீர் அஞ்சலி.

புதுக் கவுன் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டி வாசித்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஊரில் அவருக்குப் பலூன் பாய் என்று பெயர் விழுந்தது. அஞ்சலிப் படத்தையும் மூலப் படத்தையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். கொடுத்த போட்டோவை ஆள் மூலம் திருப்பி அனுப்பினார். நேரில் போய் மன்னிப்புக் கேட்க அவருக்கு முகம் இல்லை. அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம், அதே தேதி.

மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்றைக்கு ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம்தான் வரும். கீழே அச்சு மிஷின் சத்தம் இல்லை. செந்தூர்பாண்டி ஒரு கல்யாண ஆர்டருக்காகக் காரியாபட்டி போயிருந்தான். இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரும் ஒரு மானிட்டரும் மட்டும் ஓடின. கரண்ட் இல்லாத நாளில் ஒளிபரப்பு சும்மா பேருக்குத்தான். பார்க்க ஒரு வீட்டிலும் டிவி ஓடாது.

நாலரைக்கு லேண்ட்லைன் அடித்தது.

"பாய்... வாழ்த்து போடலியே?"

பெண் குரல். தொண்டை வறண்ட குரல்.

"எந்த வாழ்த்தும்மா? ஊரு பூரா கரண்ட் இல்லியே. எங்கன இருந்து பாக்குறீக?"

"இங்கன கரண்டு போவாது பாய்."

குரலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம். கூடவே தள்ளுவண்டிச் சக்கரம் போல ஏதோ... கிறீச்... கிறீச்... முதலாளி வீடு ஏதோ ஒன்று போல என்று நினைத்துக்கொண்டார். லைன் அறுந்துவிட்டது.

மானிட்டரில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் அது நின்றது. திரை ரோஸ் நிறமானது.

ரோஜாப் பூ. பலூன். நடுவில் இருளம்மாள்.

தன் கையால் அழித்த படம். சட்டம் அதேதான். எழுத்து மட்டும் இல்லை. தோளில் நாலு விரல்கள். மவுஸைப் பிடித்து இழுத்தார். அம்புக்குறி அசையவில்லை.

மறுபடியும் போன். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். கை எடுத்துவிட்டது.

"வந்துருச்சு பாய்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஆனா... எம்மகளைக் காணோமே. விரலு மட்டுந்தேன் தெரியுது."

யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னுங் கொஞ்சம் தள்ளி வைங்க பாய். புள்ளை தெரியட்டும்."

திரையைப் பார்த்தார்.

நாலு விரல்கள் இல்லை. ஒரு கை முழுதாகத் தெரிந்தது. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்.

அறையில் வெடிமருந்து வாடை அடித்தது...

கிறீச்... கிறீச்... சக்கரச் சத்தம் இப்போது போனுக்குள் இல்லை. மாடிப்படியில் கேட்டது.

"தாயி... நான் அவசரத்துல... தெரியாம..."

"நான் பாத்துக்கிட்டேதேன் இருக்கேன் பாய். போடுங்க."

திரையில் கவுனின் கை தெரிந்தது.

தோள்.

நாடி...

கீழே அச்சு மிஷின் தடால் என்று ஓட ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. மானிட்டர் அணைந்து எரிந்து, பழைய ஜவுளிக்கடை விளம்பரம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. போனில் டயல் சத்தம் மட்டும். வாடையும் இல்லை, சக்கரச் சத்தமும் இல்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளியாக மின்னியது. அலுமினியப் பொடி. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

மறுநாள் காலையில் ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் ஏறினார். அந்த முழுப் படத்தை வாங்கிவந்து, பிள்ளைக்கு உரிய வாழ்த்தை ஒழுங்காகப் போட்டுவிட வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிட வேண்டும். வழியெல்லாம் அது ஒன்றுதான் மனதில். அழகுமீனா இப்போது இருப்பது இருளம்மாளின் அக்கா பத்திரகாளி வீட்டில். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. பத்திரகாளி அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க பாய். உள்ள வாங்க. சாப்பிட்டீகளா?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. வந்த விஷயத்தைத் தலையைக் குனிந்தபடி சொன்னார். போன் வந்ததைச் சொல்லவில்லை. பத்திரகாளி சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். பிள்ளையின் மணிக்கட்டில் பச்சை வளையல் இருந்தது.

"அன்னைக்குப் போட்டது பெரிய தப்பும்மா. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். புள்ளை பாக்கும்னு யோசிக்காமப் போயிட்டேன்" என்றார்.

"புள்ளை மட்டுமா பாத்துச்சு?" என்றாள் பத்திரகாளி.

அவருக்கு விளங்கவில்லை.

"நீங்க போட்டப்ப எந்தங்கச்சி உசுரோடதேன் இருந்தா பாய். ஆஸ்பத்திரி வராண்டாவுல தள்ளுவண்டியில படுக்க வச்சிருந்தாக. உடம்பு பூரா வெந்துபோச்சு, பேச்சு மட்டும் நல்லா இருந்துச்சு. கரண்டு போனா அங்கன ஜெனரேட்டர் ஓடும், எதுக்க டிவி ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கும். நர்சம்மாகிட்ட கெஞ்சி உங்க சேனலை வைக்கச் சொன்னா. நாலரைக்கு எம்மக வாழ்த்து வரும், பாத்துட்டுக் கண்ணை மூடுதேன்னா."

சாதிக் பாட்சா போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"வந்துச்சு. பூவும் பலூனுமா வந்துச்சு. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. 'என்னக்கா எழுதியிருக்கு'ன்னா. நான் என்ன செய்ய? அழகுமீனாவுக்குப் பொறந்தநாள் வாழ்த்துன்னு வாசிச்சுச் சொன்னேன். 'புள்ளையக் காணோமே, விரலு மட்டுந்தேன் தெரியுது. பாய்க்குப் போன் போட்டுச் சொல்லுக்கா'ன்னா. சரின்னேன். போடலை. ஆறு மணிக்கு மேலதேன் உசுரு போச்சு. அது வரைக்கும் டிவியவே பாத்துக்கிட்டு இருந்தா."

பத்திரகாளி மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"தான் செத்ததா டிவியில போட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது பாய். இன்னைய வரைக்கும் அவகிட்ட யாரும் சொல்லலை."

அன்று நாலரைக்கு மத்தாப்பு டிவியில் முழுப் படமும் ஓடியது. அம்மா, தோளில் கைபோட்ட மகள், ரோஜாப் பூ, பலூன், கீழே பிறந்தநாள் வாழ்த்து. சாதிக் பாட்சா திரையைப் பார்க்கவில்லை. லேண்ட்லைனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது அடிக்கவில்லை.

அடுத்த மாதமும் கரண்டை நிறுத்தினார்கள். நாலரைக்கு அடித்தது. மானிட்டரில் பூவுக்கும் பலூனுக்கும் நடுவில் அம்மாவும் மகளும், கீழே போன வருடம் அவர் அடித்த அதே கண்ணீர் அஞ்சலி.

"புள்ளை நல்லாத் தெரியுறா பாய்," என்றது குரல். "கீழ என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."