கரையிறங்கும் முன் குடித்த நிலவாகை

பினாங்குக்கு வந்து ஏழு வருஷமாகியும், இந்த ஊர் மருந்து கசக்காமலிருப்பது எனக்குப் பழகவில்லை. நான் மூட்டை ஏற்றும் கிட்டங்கிக்கு எதிரே ஒரு சீனர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். வயிறு உப்பிவிட்டது என்று கையால் காட்டினால், சர்க்கரை பூசிய மாத்திரை இரண்டைக் காகிதத்தில் மடித்துத் தருவார். வாயில் போட்டால் மிட்டாய். போன வாரம், கசப்பாக ஏதாவது கொடுங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். நான் கோபித்துக்கொண்டதாக நினைத்தாரோ என்னவோ, மனிதர் இன்னும் இரண்டு மாத்திரையைச் சும்மா கொடுத்துத் தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

எங்கள் சங்கரன்கோவிலில் கசக்காத மருந்தை யாரும் மருந்தென்று மதிக்கமாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், ரத வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் எட்டு மாதம் உரல் இடித்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் எட்டையும் இடித்துச் சலித்தால் அஷ்ட சூரணம். முதல் கவளம் சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து தின்றால் முரண்டு பிடிக்கும் வயிறும் வழிக்கு வரும். ஆடித்தபசு முடிந்த மறுநாள் கடையில் நிற்க இடமிருக்காது. குருவிகுளம் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் திருவிழாவில் கண்டதையும் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கடைக்கார அண்ணாச்சி முகத்தைப் பார்த்தே, "என்ன வே, காராச்சேவா, மிட்டாயா?" என்று கேட்பார். "ரெண்டுந்தான் அண்ணாச்சி" என்பார்கள்.

அந்தக் கடையிலும் நான் நிலைக்கவில்லை. கொழும்பில் ஆறு மாதம், பம்பாயில் ஒரு வருஷம். எங்கே கிளம்பினாலும் என் அம்மா ஒரு பொட்டலம் கட்டித் தருவாள். நிலவாகை இலை, கடுக்காய்த் தோல், சுக்கு சேர்த்து இடித்த பேதிப் பொடி. "ஏலே, புதுத் தண்ணி குடிக்கதுக்கு முந்தி பழைய தண்ணி இறங்கிரணும். மறந்துராத" என்பாள். எங்கள் பக்கத்தில் இது பலருக்கும் வழக்கம். ஊர் மாறுவதற்கு முன் வயிற்றைக் கழுவிவிட வேண்டும். கொழும்பிலும் பம்பாயிலும் அப்படியே செய்தேன். வேலைதான் நிலைக்கவில்லையே தவிர வயிறு ஒரு நாளும் கெட்டதில்லை.

உலகச் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். மேல்தளத்தில் என் பாய்க்கு அடுத்த பாய் மீரான் மாமாவுடையது. கடையநல்லூரில் தறி போட்டவர், ஐம்பது வயது. பினாங்கில் அவருடைய அண்ணன் மகளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். அண்ணன் இறந்துவிட்டார், பெண்ணுக்கு அண்ணன் தம்பியும் இல்லை. தகப்பன் இடத்தில் உட்கார்ந்து பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் இவர்தான். "நான் போகலன்னா அந்தப் புள்ள மணவறையில முழிச்சிக்கிட்டு நிக்கும் மாப்ள" என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார். ஐந்து நாளும் அவருடைய உப்புக்கண்டத்தையும் என்னுடைய புளியங்குடி எலுமிச்சை ஊறுகாயையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மறுநாள்தான் கரை என்று சமையல்காரர் சொன்னதை நம்பி, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வெந்நீரில் பொடியைக் கலந்து குடித்தேன். கப்பலோ அன்று காலையிலேயே பினாங்கை நெருங்கிவிட்டது. டாக்டர் பரிசோதனைக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். நான் வரிசையை விட்டு ஓடினேன். திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். நாலாவது ஓட்டத்தில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வரிசையில் "காலரா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். என்னைச் சுற்றி ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் காலியாகிவிட்டது.

வெள்ளைக்கார டாக்டருக்குப் பக்கத்தில் அவருடைய உதவியாள், யாழ்ப்பாணத்து டிரெசர் ஒருவர் நின்றார். "என்ன குடிச்சனீர்? உள்ளதைச் சொல்லும்" என்றார்.

"பேதிக்குக் குடிச்சேன்யா."

"ஏன், சுகமில்லையோ?"

"நல்லாத்தான் இருக்கேன். நல்லா இருக்கணும்னுதான் குடிச்சேன்."

டிரெசர் அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். உடம்பு சரியாயிருக்கிற ஒருவன் எதற்காக மருந்து குடிப்பான் என்பது கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தார். இடிபடாத நிலவாகை இலை ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. எங்கள் சீமையில் விளையும் அந்த இலை தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி அவர்கள் நாட்டுக்கும் போகிறதே. ஆனாலும் அரை நம்பிக்கைதான். கப்பலை விட்டுவிடலாம், என்னையும் என்னோடு சேர்ந்து சாப்பிட்டவர்களையும் மட்டும் எதிரே இருக்கும் தீவு முகாமில் ஞாயிற்றுக்கிழமை வரை வைக்க வேண்டும் என்று முடிவு சொன்னார்.

"ஆர் உம்மோட சாப்பிட்டது?" என்று டிரெசர் கேட்டார்.

மீரான் மாமா பொய் சொல்லத் தெரியாதவர். வாயைத் திறந்துவிட்டார். நான் முந்திக்கொண்டேன். "யாரும் இல்லய்யா. பக்கத்துப் பாய்க்காரர் முஸ்லிம், நான் இந்து. ஒரு தட்டுல கை வைப்போமா?"

டிரெசர் அதைச் சொன்னதும் டாக்டர் உடனே தலையாட்டினார். அன்று நான் சொன்னதில் அவர் கேள்வி கேட்காமல் நம்பியது அது ஒன்றைத்தான். ஊரில் சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கும். கப்பலில்தான் அது பொய்யாகிவிட்டது.

தீவுக்குப் போகும் படகில் நான் இறங்கும்போது மாமா என் காதருகே குனிந்தார். "நேத்து என் எலும்பைப் புடுங்கித் தின்னது யாரு வே?"

"பேசாமப் போரும் மாமா. நிக்காஹைப் பாரும்."

முகாமில் கஞ்சியும் பலகைக் கட்டிலும் கிடைத்தன. நான் படுத்த இடங்களில் அது மோசமான இடமில்லை. மறுநாளே வயிறு அடங்கிவிட்டது, ஆனாலும் ஞாயிறு என்றால் ஞாயிறுதான். வெள்ளிக்கிழமை மதியம் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் போய்ச் சேர்ந்தாரா, நேரத்துக்கு நிக்காஹ் நடந்ததா என்று சொல்ல யாருமில்லை.

சனிக்கிழமை உச்சிவேளையில் ஒரு படகு வந்தது. புதுத் தொப்பி போட்டுக்கொண்டு மாமா இறங்கினார், கையில் துணி சுற்றிய கல்யாணச் சோற்றுச் சட்டி. முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துவிட்டார்கள். "முடிஞ்சுது மாப்ள. நாந்தான் குடுத்தேன், அந்தப் புள்ளைய" என்றார். துணியை அவிழ்த்துச் சட்டியைத் திறந்தார். முகாம் காவல்காரர் என் பங்கை இலையில் வாங்கி உள்ளே தந்தார். மாமா போகவில்லை. அந்தப் பக்கத்திலேயே இன்னோர் இலையை விரித்து எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வழியாக வந்த டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்து நின்று, டிரெசரிடம் ஏதோ சொன்னார். டிரெசர் சிரித்தார். "நீர் சொன்னது சரிதானாம். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து சாப்பிட மாட்டினமாம்."

அவர்கள் திரும்பியதும் மாமா கம்பி இடைவெளியில் கையை விட்டு, தன் இலையிலிருந்த பெரிய கறித்துண்டை என் இலையில் வைத்தார். அவருக்குப் பின்னால் நான் இன்னும் கால் வைக்காத பினாங்கு. எனக்குப் பின்னால், நாகப்பட்டினத்துக்குத் திரும்பிப் போகும் ஏதோ ஒரு கப்பலின் புகை. எந்தப் பக்கமும் பார்க்காமல், இலையில் குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன்.