நான் ஓய்வு கொடுத்த ஆட்டக்காரர்

தேசிய உதைபந்தாட்ட அணியில் எங்கள் கல்முனைப் பக்கத்து வீரர் ஒருவர் இருந்தார். ஓர் ஆட்டத்தில் அவர் ஓட முடியாமல் நின்றதைப் பார்த்து, "காலம் முடிந்தது, வீட்டில் இருக்கட்டும்" என்று பேஸ்புக்கில் எழுதினேன். ஊரே அதைப் பகிர்ந்தது.

அடுத்த மாதம் உம்மாவை நடைப்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முழங்காலில் கட்டோடு அந்த வீரர் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். பேஸ்புக் படத்தில் பார்த்த என் முகம் அவருக்கு நினைவிருந்தது. அண்ணனை அழைப்பதுபோல் 'நானா' என்றுதான் பேசினார்.

"நீங்க எழுதின சரிதான் நானா. இனி விளையாட ஏலாண்டு டொக்டரும் சொல்லிட்டார். வாப்பாக்கு நானே பக்குவமாச் சொல்ல இருந்தன். அதுக்குள்ள ஒங்கட எழுத்த வாசிச்சிட்டார்."

உம்மாவின் முறை வந்ததும் அவரின் ஒரு கையைப் பிடித்தேன். உம்மா எழும்பத் தடுமாறியபோது, அவர் நொண்டியபடி வந்து உம்மாவின் மறுகையைப் பிடித்துக்கொண்டார்.

பதிவை அன்றே அழித்தேன். அவருடைய வாப்பா வாசித்ததை என்னால் அழிக்க முடியவில்லை.