செருப்பு அக்கா போட்ட மெட்டு

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. டப்பிங் ஸ்டூடியோவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினேழு ஜோடி செருப்பும் ஷூவும் அலமாரியில் அடுக்கி வைத்திருந்ததால் அவள் செருப்பு அக்கா. அதில் ஒரு ஜோடிகூட அவள் காலுக்கு அளவில்லை. திரையில் போலீஸ்காரன் நடந்தால் பூட்ஸ், இளவரசி நடந்தால் குதிகால் செருப்பு, பேய் நடந்தால் வெறுங்கால். மணல் பெட்டி, கல் பெட்டி, பலகை என்று மூன்றின் மேலும் மாறி மாறி நடந்து, படங்களுக்குக் காலடிச் சத்தம் கொடுத்துப் பிழைப்பை ஓட்டினாள். ஒரே அறைக்குள் அவள் நடந்த தூரத்தை நீட்டிப் போட்டால் இரண்டு தேசம் தாண்டியிருக்கலாம்.

இப்போது அறுபத்தொரு வயது. ஸ்டூடியோ இல்லை. முழங்கால் இரண்டும் ராஜினாமா கொடுத்துவிட்டன.

ஒரு புதன்கிழமை மதியம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் கதவைத் தட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும். கடைக்கு வாரவிடுமுறை. சின்ன வயதில் டிவியில் பார்த்த, தமிழில் டப்பிங் செய்த ஜப்பானியக் கார்ட்டூன்களில் யார் பேசினார்கள், யார் இசை போட்டார்கள் என்று தேடி இணையத்தில் எழுதுவது அவருடைய பைத்தியம். அக்காவின் ஸ்டூடியோவில் டப் செய்த, மரக்கத்தியோடு ஓடும் பையனின் தொடர் ஒன்று முப்பது வருடத்துக்கு முன் வீட்டுக்கு வீடு ஓடியது. அதன் டைட்டில் மெட்டைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு பழைய தாளின் நகலை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு பகுதியோடும் சேனலுக்குப் போகும் விவரத் தாள் அது. இசை என்ற இடத்தில் ஸ்டூடியோவின் இசையமைப்பாளர் மாஸ்டரின் பெயர்.

"இது யார் கையெழுத்துக்கா?"

"முத்து முத்தா இருக்குல்ல? என்னோடதுதான்."

"அப்ப மெட்டு மாஸ்டர் போட்டதுதானே?"

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"மாஸ்டர்னு."

"படிக்கத் தெரியுதில்ல? அப்புறம் என்ன?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரே இல்லைங்கிறாருக்கா. போன மாசம் ரசிகர் கூட்டத்துல இடக்கையால மைக்கைப் பிடிச்சு, 'அது நான் போட்டதில்லப்பா'ன்னார். என்னா தன்னடக்கம்னு மொத்த ஹாலும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. நானும்தான் தட்டினேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரல."

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரை வைக்க இடம் தெரியாமல் மடியில் வைத்தாள்.

"வண்டி இருக்கா?"

"ஸ்கூட்டர் இருக்கு."

"எடு. அவர்கிட்ட போவோம்."

மாஸ்டரின் வீடு நான்கு தெரு தள்ளித்தான். அந்த வாசல் கண்ணில் படாமல் அவள் பல வருடமாகச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தாள். ஸ்டூடியோவின் எல்லாப் படத்துக்கும் இசை அமைத்தவர் அவர். கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததில் வலக்கை தலையணை மேல் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

"வந்துட்டியாம்மா. வாய் விட்டுச் சொல்லிட்டேன். ஒருத்தன் நம்பல."

"முப்பது வருஷமா அந்த வாய்ல என்ன மாஸ்டர் வச்சிருந்தீங்க?"

அவர் கடைக்காரரைப் பார்த்தார். "இவங்க திட்டுறதுல நியாயம் இருக்கு தம்பி. உக்காருங்க."

விஷயம் இதுதான். ஜப்பானிலிருந்து வந்த டேப்பில் பேச்சும் இசையும் ஒட்டிக்கொண்டு வந்தன. பேச்சை எடுத்தால் இசையும் போய்விடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். சனிக்கிழமை காலை முதல் ஒளிபரப்பு. வியாழக்கிழமை மாஸ்டரின் மனைவிக்குப் பிரசவ வலி, சிக்கலான பிரசவம். அவர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டூடியோ முதலாளி அக்காவைப் பார்த்து, "நீதான் எந்நேரமும் எதையாவது முனகிட்டே திரியிறியே, அதை வாசி" என்றார். அவள் கீபோர்டில் வாசித்தாள். முடிந்ததும் தாளில் மாஸ்டர் பெயரை எழுதச் சொன்னார். செருப்புச் சத்தம் போடுகிறவள் மெட்டும் போட்டாள் என்று தெரிந்தால் சேனல்காரன் டேப்பைத் திருப்பி அனுப்பிவிடுவானாம். ஐம்பத்திரண்டு பகுதி, ஐம்பத்திரண்டு தாள், அத்தனையும் அவள் கைப்பட.

"மொதல் வாரமே சொல்லியிருக்கணும்" என்றார் மாஸ்டர். "கொழந்தையோட வீட்டுக்கு வந்தா தெருவே அந்த மெட்டைப் பாடுது. என்னைக் கட்டிப் பிடிக்கிறாங்க. நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். நாளைக்குங்கிறது ரொம்ப நீளமாப் போச்சும்மா."

"எனக்குப் பேர் வேணாம் மாஸ்டர். பேர வச்சு நான் என்ன பண்ணப் போறேன். என் பொண்ணு..."

மாஸ்டரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை போல.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. 'அந்தப் பாட்டு எங்கம்மா போட்டது' என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே அடித்துச் சத்தியம் செய்தாள். டீச்சர் அம்மாவை வரச்சொன்னார். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள்தானா என்று கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அக்கா, "இல்லைங்க, அவ சும்மா சொல்றா" என்றாள். மகள் வகுப்பு முன்னால் நின்று, நான் பொய் சொன்னேன் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. அதற்கப்புறம் எது கேட்டாலும் அளந்துதான் பதில். இப்போது வேறு ஊரில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அம்மாவே கூப்பிட்டால்தான் போன். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வைக்கிறேன்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஐம்பத்திரண்டு தாள்லயும் உங்க கையெழுத்துலயே மாஸ்டர் பேர் இருக்கு. நான் நம்புறேன். கேக்கிறவங்க நம்பணுமே?"

"மெட்டைப் போடு."

போனில் போட்டார். தடதடவென்று ஓடி வந்த மெட்டு ஓரிடத்தில் அரை நொடி நின்று, பிறகு பாய்ந்தது.

"இந்த எடத்துக்குத்தான் எங்க கூட்டத்துல ஆயிரம் விளக்கம்" என்றார் கடைக்காரர். "ஹீரோவோட மனசாட்சி பேசுதுன்னு ஒருத்தர் பதினாறு பக்கம் எழுதியிருக்கார்."

"மனசாட்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. டேப்புல ஒரே டிராக்தான் மிச்சம் இருந்துச்சு, மெட்டும் காலடிச் சத்தமும் சேந்தே பதியணும். கை கீபோர்டுல, கால் மணல் பெட்டில. பையன் மணல்ல ஓடி வந்து மரப்பாலத்துல குதிப்பான். நான் பலகைக்குக் காலை மாத்தணும். செருப்பு மணல்ல மாட்டிக்கிச்சு. கால் வந்து சேர்ற வரைக்கும் கை காத்திருந்துச்சு. மெதுவா ஓடவிட்டுக் கேளு."

வேகத்தைக் குறைத்தார். அந்த நிறுத்தத்துக்குள் சர்ரென்று ஓர் உரசல், மணல் உதிரும் சத்தம், பிறகு பலகையில் டொக்.

"டேப்புல தூசின்னு நெனைச்சேன்க்கா" என்றார் கடைக்காரர். "இருபது வருஷமா இதைச் சுத்தம் பண்ணிப் பண்ணிக் கேட்டிருக்கேன்."

"நல்லவேளை, முழுசாச் சுத்தம் பண்ணல" என்றார் மாஸ்டர்.

அக்கா தன் போனை எடுத்தாள். ஏழாவது மணியில் மகள் எடுத்தாள். பின்னால் டிப்போவின் இரைச்சல்.

"என்னம்மா, இந்நேரத்துல?"

"அந்த மூணாம் கிளாஸ் விஷயம்..."

"இப்ப எதுக்கு அது?" என்றாள் மகள்.

"நீ பொய் சொல்லலடி. நான்தான்."

"எனக்குத் தெரியாதா? அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா." "பக்கத்துல யார் இருக்கா?"

"மாஸ்டர். அப்புறம் ஒரு கண்ணாடிக்கடைத் தம்பி."

"ஸ்பீக்கர்ல போடு. அவங்க முன்னால சொல்லு."

அக்கா போனைக் கட்டில்மேல் வைத்தாள். உட்கார்ந்தபடி சொல்லலாம் என்று மாஸ்டர் கையைக் காட்டினார். அவள் கேட்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒரு முழங்காலுக்கும் இன்னொன்றுக்கும் சமாதானம் சொல்லி, எழுந்து நின்றாள்.

"எம்பொண்ணு சொன்னது நிஜம். அந்த மெட்டு நான் போட்டது. அவ கிளாஸ் முன்னால பொய் சொன்னது நான்."

கடைக்காரர் கை தட்டவில்லை. அதற்காகவே அவரை மன்னித்துவிடலாம்.

"இன்னும் ரெண்டு தடவை" என்றது போன்.

சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்து பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. மகள் அதையும் எண்ணிக்கொண்டாள் போலிருக்கிறது.

"சரி. வண்டி எடுக்கணும். ஆறு மணிக்கு டியூட்டி முடியும். நானே கூப்பிடுறேன்."

போன் அணைந்தது. அக்கா நின்றபடியே மாஸ்டரிடம் மணி என்ன என்று கேட்டாள்.

"மூணேகால்."

"இன்னும் எவ்வளவோ இருக்கே" என்றாள். அப்போதும் உட்காரவில்லை.